கூப்பிடக் கூடாத விருந்து

ஊர் நல்ல ஊர்தான். ரட்மிலாவுக்கு அதில் சந்தேகம் இல்லை. அந்த நல்லதனத்தைத்தான் கோடை முடிந்ததிலிருந்து அவளால் பொறுக்க முடியவில்லை.

வேலிக்கதவில் அடிக்கடி ஒரு துணி மூட்டை தொங்கும். உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடை இருக்கும், இல்லாவிட்டால் பூசணிக்காய் வைத்தது. ஒருமுறை முழுக்கோழியே இருந்தது, உப்புத் தடவி, கழுத்தை மடக்கி. தொங்கவிட்ட ஆள் இருக்கமாட்டார். பாத்திரத்தைக் கழுவி அதே கதவில் அவள் மாட்டிவைப்பாள்; மறுநாள் அது போயிருக்கும். பேய்க்குச் சோறு வைக்கிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். இவர்கள் அதுவும் செய்வதில்லை. மேட்டிலிருந்து டிராக்டரில் வருகிறவர்கள் இவள் வீட்டு வளைவுக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உருண்டு இறங்குவார்கள். கடையில் அவளைக் கண்டால் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரருக்கு ஓய்வு வேண்டும், நாங்கள் வந்து தொந்தரவு செய்யவில்லை என்பார்கள். ரொட்டியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் பல்லைக் கடித்துக் கடித்து அவளுக்குத் தாடை வலித்துவிடும்.

அவள் புருஷன் ப்ளகோயே ராஸ்பெரி பறிப்பு மும்முரமாக நடந்த ஜூலையில் ஒருநாள் வரிசைக்கு நடுவே கூடையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பிறகு அவனாக எழுந்து வேலைக்குத் திரும்பவில்லை. வசந்தகாலத்திலிருந்தே ஆள் மங்கிக்கொண்டுதான் வந்தான். பழம் பழுக்கிற அவசரத்தில் யாருக்கு அதைக் கவனிக்க நேரம். ஆகஸ்டில் அவன் ஆலைக்குக் கீழே மொராவிட்சா ஆற்றில், ஆழம் தெரிந்தே இறங்கினான். அந்த நேரம் பிளம் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு விதோயே பூட்ஸோடு குதித்து, சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டான். இரண்டு பேரும் ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள். ஒருவன் கல்யாணத்துக்கு மற்றவன் மாப்பிள்ளைத் தோழன்.

நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ரட்மிலாவிடம் இரண்டு விஷயம் சொன்னாள். தனியாக விடாதீர்கள் என்பது ஒன்று. வீட்டுக்கு ஆட்கள் வரட்டும், போகட்டும் என்பது இன்னொன்று. நோயைப் பற்றி அவர் பேசினால் காது கொடுங்கள், பேசாவிட்டால் மழையைப் பற்றிப் பேசுங்கள் என்றாள். முதலாவதை ரட்மிலா செய்தாள். மாட்டுக்கொட்டிலுக்குப் போனாலும் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள், கோழி அடைக்கப் போனாலும் கூட்டிக்கொண்டு போனாள். மகள் ஆஸ்திரியாவில் வேலையில் இருந்தாள், புத்தாண்டுக்குத்தான் வருவாள். இரண்டாவதை ரட்மிலாவால் செய்ய முடியவில்லை. ஆள் வருவதற்கு ஆள் வர வேண்டும் அல்லவா.

அவனை ஆற்றிலிருந்து இழுத்த விதோயேதான் முதலில் வராமல் போனவன். எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு வரவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அதுதான் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் நவம்பரில் மித்ரோவ்தான் என்கிற திருநாள் வந்தே தீரும். புனித திமித்ரி அந்த வீட்டின் குலப் புனிதர், தகப்பன்வழியாக வருகிறவர். அவருடைய நாளான ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. பாட்டன் காலத்தில் எந்தெந்த வீட்டார் வந்தார்களோ அந்த வீட்டார் வருவார்கள், சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். ஸ்லாவாவுக்கு அழைப்புச் சொல்கிற வீடு இந்த மலைப்பக்கத்தில் கிடையாது. சொன்னால் அது கையேந்துகிற மாதிரி. வந்தவர்கள் உட்காருவார்கள், வீட்டுக்காரன் உட்காரமாட்டான். நாள் முழுக்க மேஜைத் தலைமாட்டில் நின்றுகொண்டு ஊற்றுவதும் பரிமாறுவதும் அவன் வேலை.

வந்துவிடுவார்கள் என்று ரட்மிலா நம்பினாள். ஒரு மனிதனை மறக்கலாம், புனிதரை மறக்க முடியுமா. புளித்த கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் மடித்து மடித்து விரல் நுனி ஊறிப்போயிற்று. பெரிய மண்சட்டியில் சார்மா இரண்டு நாளாகக் கொதித்தது. பன்றித் தொடையை அடுப்பில் வைத்தாள். ஸ்லாவா ரொட்டியின் மேலே மாவில் திராட்சைக்கொடியும் புறாவும் செய்து ஒட்டினாள். கோதுமையை வேகவைத்து, வால்நட் பருப்போடு அரைத்து, சர்க்கரை தூவி, கண்ணாடித் தட்டில் குவித்து, பக்கத்தில் கரண்டிகளை வைத்தாள்; வருகிறவர் எவரானாலும் முதலில் அதில் ஒரு கரண்டி தின்ன வேண்டும்.

அன்று காலை ப்ளகோயே தானாக எழுந்தான். தானாகச் சவரம் செய்துகொண்டான், தாடையில் ஒரு கீறல். வெள்ளைச் சட்டை போட்டான். ஆள் மெலிந்ததில் சட்டைக் கழுத்து தளர்ந்து தொங்கியது. பேசினால் கலைந்துவிடும் என்று ரட்மிலா பயந்தாள். அவன் மெழுகுவர்த்தியை ஏற்றினான். மேஜைத் தலைமாட்டில் போய் நின்றான்.

நின்றான், நின்றுகொண்டே இருந்தான். பன்றித் தொடை வெந்து, ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறியது. பாதிரியார் மேல்கரை ஊரில் அன்று ஏகப்பட்ட வீடுகளுக்குப் போக வேண்டியிருந்ததால் இங்கே வரவில்லை. அவர் வராத வருஷம் வீட்டுக்காரனும் வந்தவர்களும் சேர்ந்து ரொட்டியைப் பிடித்துச் சுற்றி வெட்டிக்கொள்வது வழக்கம். அதற்கு வெளியிலிருந்து ஒரு கையாவது வர வேண்டும். மதியம் தாண்டியது. அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவனருகே போட்டாள். அவன் அதைப் பார்க்கவே இல்லை.

"ரட்மிலா" என்றான். "அந்தக் கோதுமை புனிதருக்கு வச்சதா, எனக்கு வச்சதா?"

செத்தவர்களுக்குக் கல்லறையில் படைப்பதும் அதே கோதுமைதான். வாயை மூடு என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அழுவதை அவனுக்குக் காட்டக் கூடாது என்று.

அப்போதுதான் பார்த்தாள். எதிரே விதோயேயின் முற்றத்தில் செப்புக் கொப்பரையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பண்டிகை நாளில் ராக்கியா, அதுதான் பிளம் சாராயம், காய்ச்சுகிறான். சுற்றிலும் பலகை போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேல்வீட்டு க்வோஸ்டென் இருந்தான், ஆலைக்காரர் இருந்தார், வருஷா வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்து சார்மாவை எண்ணாமல் தின்றவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் நல்ல கோட்டுப் போட்டிருந்தார்கள். காலையில் எழுந்து, பழக்கம் விடாமல், ஸ்லாவாவுக்கு உடுத்துகிற கோட்டை எடுத்து உடுத்திக்கொண்டு கிளம்பி, சாலை வரைக்கும் வந்து, இந்தப் பக்கம் திரும்பாமல் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

அவளுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. போய் ஒருவன் கையையாவது பிடித்து இழுத்து வரலாம், ஆனால் இவனை இந்த நேரத்தில், இந்தக் கேள்வியைக் கேட்டவனை, தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது. கூப்பிடவும் கூடாது. கூப்பிட்டால் இவன் காதில் விழும். கெஞ்சிக் கூப்பிட்டதற்கு வந்தவன் எதிரில் இவன் எப்படி நிற்பான். வேலிக்கதவு வரைக்கும் போகலாம். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலில் அவன் தெரிவான். கூப்பிடக் கூடாது என்றுதான் வழக்கம். சண்டை போடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல் இறங்கிப் போனாள்.

"விதோயே" என்றாள். கொழுந்தனாரே என்று கூப்பிடுகிறவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பலகையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "சாமி நாளும் அதுவுமா கொப்பரைக்குத் தீ வச்சு உக்காந்திருக்கியே, ஒங்க அப்பன் உசுரோட இருந்தா அந்தத் தீயிலயே ஒன் தொப்பியப் பிடுங்கிப் போட்டிருப்பாரு."

விதோயே தீக்கம்பைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றான். "குளுருது மதினி, உள்ள போங்க" என்றான், இழவு வீட்டில் பேசுகிற குரலில்.

"அந்தக் குரலத் தூக்கி ஓரமா வை. மெதுவாப் பேச என் வீட்ல பொணம் எதுவும் கெடக்கல."

எல்லாரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள். அவள் விடவில்லை. அவன் ராக்கியாவை எங்கள் பன்றி மோந்து பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் என்றாள். அவன் மீசையைச் சொன்னாள், பட்டாளத்தில் அவன் தூங்கிக்கொண்டே காவல் நின்றதைச் சொன்னாள். யாரோ ஒருவர் சிரிக்கக்கூடச் செய்தார். விதோயே அசையவில்லை, பாவம், அவளுக்கும் தாங்க முடியாமல் போய்விட்டது என்கிற பார்வை ஒன்றை வைத்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையைக் கண்டதும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச வெட்கமும் போயிற்று.

"எல்லைக் கல்ல நகத்துறவன் காய்ச்சுனா வேற எப்படி இருக்கும்" என்றாள்.

சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார். வரிசைக்கு வரிசை ராஸ்பெரி முட்டிக்கொண்டு நிற்கிற ஊர் அது. ஒருவனைக் குடிகாரன் என்று சொல்லலாம், பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு யாரும் அப்படியே வீட்டுக்குப் போனதில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றான் விதோயே. குரல் பழைய குரலாகிவிட்டது.

"காது கேக்கலையா. வால்நட் மரத்தடிக் கல்லு. எங்க ஆளு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒரு முழம் எங்க பக்கம் தள்ளி நட்டுட்ட. ஒரு வரிசைய முழுங்கிட்டு இங்க உக்காந்து ஊருக்கு ஊத்திக் குடுக்கிற."

அது பச்சைப் பொய் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். விதோயேயின் மனைவி ஜிவ்கா வீட்டுக்குள்ளிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அக்கா, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மெழுகுவர்த்தி எரியிற வீட்லருந்து வந்து பொய் சொல்றீங்களே, நாக்கு அழுகிராதா?"

"ஒன் புருஷனக் கேளு."

"இத யாரு சொன்னா?" என்றான் விதோயே.

"எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

"ப்ளகோயேவா சொன்னான்?"

"அவருதான். அந்தா ஜன்னல்ல நிக்கிறாரு பாரு. மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்கத் தெம்பிருந்தா வா. இல்லன்னா உக்காந்து குடி."

விதோயே கம்பைத் தரையில் அடித்துவிட்டுச் சாலையைத் தாண்டி வந்தான். வேலிக்கதவை அவன் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பியது. ரட்மிலா பின்னாலேயே ஓடினாள். படியேறும்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. என்ன காரியம் செய்துவிட்டோம். இவன் போய் அந்தப் பலவீனப்பட்ட மனிதன் முகத்துக்கு நேரே கத்தப்போகிறான். அவன் இன்னும் உடைந்துபோனால் அந்தப் பாவம் யாரைச் சேரும்.

விதோயே வாசல் தாண்டினான். எரிகிற மெழுகுவர்த்தியைக் கண்டதும் கை தானாக உயர்ந்து தொப்பியைக் கழற்றியது, சிலுவை போட்டது. கோபம் அதற்குப் பின்னால்தான் வாயிலிருந்து வர முடிந்தது.

"நான் கல்ல நகத்துனேன்னு நீ சொன்னியாடா?"

ப்ளகோயே அவனைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவன் வாய் திறக்க வெகு நேரம் ஆயிற்று. இந்த மாதங்களில் அது அப்படித்தான். வார்த்தை எங்கோ அடியிலிருந்து ஏறி வர வேண்டும்.

"எந்தக் கல்ல?"

"வால்நட் மரத்தடிக் கல்ல."

"அத எப்படிடா நகத்துவ" என்றான் ப்ளகோயே. "ஒங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் பாதிக்கு மேல மண்ணுல பொதச்சது. ரெண்டு ஜோடி மாடு வேணும்." யோசித்தான். "நான் ஒண்ணும் சொல்லல. அவ பொய் சொல்றா."

விதோயே திரும்பினான். ரட்மிலா வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது.

"ஆமா, பொய்தான்" என்றாள். "அதுக்கு இப்ப என்ன? படி தாண்டிட்டல்ல. கோதுமைய எடு."

விதோயேயின் கழுத்து சிவந்தது. அவளைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம், அதற்கு அவனுக்குத் தெம்பு உண்டு. ஆனால் மெழுகுவர்த்தி எரிகிற வீட்டுக்குள் வந்துவிட்டுக் கோதுமையைத் தொடாமல் வெளியே போனால் அது அவளுக்குச் செய்கிற அவமானம் இல்லை, புனிதருக்குச் செய்கிறது. அவன் வாய்க்குள் அவளை ஏதோ ஏசினான். ஒரு கரண்டியை எடுத்தான், தின்றான், கரண்டியைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டான். ப்ளகோயே ராக்கியா ஊற்றினான். கொஞ்சம் விதோயேயின் கோட்டுக் கையில் சிந்தியது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.

"ஏன் வரல?" என்று ரட்மிலா கேட்டாள்.

"அவனுக்குத் தொந்தரவா..."

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ இந்த வீட்ல சொன்னா சட்டியத் தூக்கி மண்டையில போடுவேன். நெசத்தச் சொல்லு."

விதோயே கோப்பையை ஒரே மடக்கில் குடித்து வைத்தான். அவளைப் பார்த்துத்தான் பேசினான், ப்ளகோயேவைப் பார்க்கவில்லை.

"கரையில போட்டு, கவுத்து, உள்ள போன தண்ணியெல்லாம் வெளிய எடுத்து, செத்துட்டான்னே நெனச்சேன். அப்பக் கண்ணத் தொறந்தான். தொறந்து என்ன சொன்னான் தெரியுமா? ஒன்ன யாருடா கூப்புட்டதுன்னான். இத நான் ஜிவ்காகிட்டகூடச் சொல்லல. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்? பெரிய தப்பப் பண்ணிட்டமோன்னு நெதமும் தோணுது மதினி. கதவு வரைக்கும் வருவேன். அடையெல்லாம் ஜிவ்காவா கொண்டுவந்து மாட்டுனா? நான்தான் மாட்டுனேன். மாட்டிட்டு ஓடிருவேன்."

ரட்மிலாவுக்கு இது தெரியாது. இத்தனை நாளும் அவனைச் சபித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அதற்காக அவள் மன்னிப்புக் கேட்டுவிடவில்லை. கேட்கிற அளவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

ப்ளகோயே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொன்னேன்" என்றான். "அன்னைக்கு நெசமாத்தான் சொன்னேன். ஒம்மேல அப்படி ஒரு கோவம் வந்துச்சு." நிறுத்தினான். "இன்னைக்குக் காலையிலருந்து வாசலத்தான்டா பாத்துக்கிட்டு நிக்கிறேன். வேற ஒண்ணும் பாக்கல."

விதோயே மேஜையைச் சுற்றி வந்து ரொட்டியின் ஒரு விளிம்பைப் பிடித்தான். "பிடி" என்றான். ப்ளகோயே மறுவிளிம்பைப் பிடித்தான். இருவருமாகச் சுற்றினார்கள். பிரார்த்தனையின் நடுவே ப்ளகோயேவுக்கு வரிகள் மறந்துபோயின, விதோயே தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்தான். கத்தியால் குறுக்காகக் கீறி, திராட்சை ரசம் ஊற்றி, ஆளுக்கொரு பாதியாகப் பிட்டார்கள்.

எதிர்வீட்டில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். அடிதடிச் சத்தம் கேட்கவில்லை, அலறலும் கேட்கவில்லை. முதலில் ஜிவ்கா வந்து எட்டிப் பார்த்தாள். ரட்மிலா அவள் கையில் கரண்டியைத் திணித்தாள். பிறகு க்வோஸ்டென், யாராவது ஒருவர் போய்ப் பிரித்துவிட வேண்டாமா என்றபடி வந்தான். அவனுக்கும் கரண்டி. மேலும் ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்றுகொண்டே திரும்பிவிடலாம் என்று பார்த்தவர்களை அவள் கோட்டைப் பிடித்து உள்ளே தள்ளினாள். உங்கள் வாய்க்கெல்லாம் பூட்டா, வந்தவர்கள் பேசுங்கள் என்று அதட்டினாள். அதட்டினால் பேச்சு எங்கிருந்து வரும். முதல் கொஞ்ச நேரம் கோஸ் இலை மெல்லுகிற சத்தம்தான் கேட்டது.

க்வோஸ்டென்தான் ஆரம்பித்தான், அசட்டுத்தனமாகத்தான். வேலை செய்தால் எல்லாம் பறந்துபோகும், ஆம்பளை மனதைக் கட்ட வேண்டும் என்று ஏதோ சொன்னான். ரட்மிலா சட்டியைப் பார்த்தாள். அதற்குள் ப்ளகோயே அவனுக்கு ஊற்றியபடியே சொன்னான்:

"காலையில சட்டப் பித்தானப் போடுறதுக்கே பாதி நாள் ஆகுது க்வோஸ்டென். அப்புறம் என்னத்தக் கட்டுறது."

க்வோஸ்டென் சார்மாவைக் கிளறிக்கொண்டே இருந்தான். பிறகு தட்டைப் பார்த்துச் சொன்னான், எங்கள் அண்ணனுக்கும் பித்தான் போட முடியாமல் இருந்தது, நாங்கள் சோம்பேறி என்று ஏசினோம் என்று. அவன் அண்ணன் எப்படிச் செத்தான் என்று ஊருக்குத் தெரியும். அவன் வாயால் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ப்ளகோயே அவன் கோப்பையை மறுபடி நிரப்பினான், பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றான்.

அதற்கப்புறம் பேச்சு வந்தது. எல்லாம் நல்ல பேச்சு என்று சொல்ல முடியாது. உன் தோட்டத்தில் பழைய தண்டை வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறாய், அதில் பூஞ்சை பிடித்து என் வரிசைக்குப் பரவுகிறது என்று விதோயே கத்தினான். நாளைக்கே வந்து வெட்டப்போகிறேன், உனக்காக இல்லை, என் பழத்துக்காக என்றான். கவாத்துக் கத்தரி துருப்பிடித்துப்போயிற்று என்று ப்ளகோயே சொன்னான். உன் கத்தரியை எவன் கேட்டான் என்றான் அவன். ஆலைக்காரர் பழம் வாங்குகிற குளிர்பதனக் கிடங்குக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார். அந்தத் திட்டில் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஜிவ்கா மட்டும் மூலையில் இருந்து, கல் விஷயத்தைச் செத்தாலும் மறக்கமாட்டேன், இவளோடு இனிப் பேச்சே கிடையாது என்று மேஜைக்குப் பொதுவாக அறிவித்தாள். மறக்காதே, நன்றாக ஞாபகம் வைத்துக்கொள் என்றாள் ரட்மிலா.

பரிமாற ஆள் இருந்தார், சத்தம் இருந்தது, அவளுக்கு அப்போதைக்கு ஒன்றும் செய்வதற்கு இல்லை. அடுப்போரத்து முக்காலியில் உட்கார்ந்து மேஜையில் முழங்கையை ஊன்றினாள். உட்கார்ந்ததும் உடம்பு கல்லாகக் கனத்தது.

"ராக்கியா தீந்துபோச்சு" என்று ப்ளகோயே சொல்வது கேட்டது. "கீழ நெலவறையில இருக்கு, எடுத்துட்டு வாரேன்."

அவளை அறியாமல் உடம்பு எழும்பியது. கோடையிலிருந்து அது அப்படித்தான், அவன் எழுந்தால் அதுவும் எழுந்துவிடும். கையை ஊன்றி நிமிர்வதற்குள் விதோயேயின் நாற்காலி தரையில் உராய்ந்தது.

"நீ எங்கடா வார" என்றான் ப்ளகோயே. "எங்க வீட்டு நெலவறைக்கு எனக்கு வழி தெரியாதா?"

"தெரியும். எனக்குப் பொகை பிடிக்கணும்."

"இங்கயே பிடி. எல்லாரும்தான் பிடிக்கிறாங்க."

"ஒம் பொண்டாட்டி இன்னைக்கு இருக்கிற இருப்புல நான் வெளியவே போயிக்கிறேன். நட."

இரண்டு ஜோடி பூட்ஸ் படியிறங்கின. இரண்டும் ஒரே சீராக இல்லை. ஒன்று தேய்ந்து தேய்ந்து போனது, ஒன்று அதற்காகக் காத்துக் காத்துப் போனது. ரட்மிலா முழங்கையை ஊன்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நிலவறைக் கதவு திறந்தது. ஏதோ விழுந்து உருண்டது, விதோயே ஏசினான், ப்ளகோயே என்னவோ பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அன்று தோன்றவில்லை.

அவள் தலையைக் கை மேல் வைத்தாள். ஆலைக்காரர் மேஜையைக் குத்திக்கொண்டு கத்துகிற கத்தலுக்கு நடுவே, வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். ஜிவ்கா முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் எழுந்து வந்தாள். ரட்மிலாவின் தலைமயிர் சார்மாச் சாற்றில் படாதபடி கிண்ணத்தை இந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.